மருத்துவக் கருவிகள்: வாசகர் கேள்விகள்

கே: எக்மோவில் (நுரையீரல், இதயத்தின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் கருவி) ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் பெட்டியின் இழைச் சுவரை இன்னும் மெல்லியதாக்கினால் திறன் கூடாதா?
– வாசகர், குன்னூர்

ப: பெரிதாகக் கூடாது. தடை சுவரில் இல்லை, ரத்தத்தில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் பாலிமெதில்பென்டீன் குழல் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். உள்ளே வாயு ஓடும், வெளியே ரத்தம் ஓடும். இழையை ஒட்டிய ரத்தம் முதலில் நிறைந்துவிட்டு, அப்பால் ஓடும் ரத்தத்துக்கு ஆக்சிஜன் போகாமல் படலமாக நின்றுகொள்ளும். அதைக் கலைக்கத்தான் இழைகளைப் பாய்போலக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறார்கள். ரொம்ப நெருக்கினாலும் வம்பு: அழுத்த இழப்பு கூடும், சிவப்பணு உடையும், ரத்தம் தேங்கும் மூலையில் உறையும். கரியமில வாயுவுக்கு இந்தத் தடை அவ்வளவு பொருட்டில்லை. ஆகவே கரியமில வாயு ஏறினால் வாயு ஓட்டத்தைக் கூட்டுங்கள். ஆக்சிஜன் போதாவிட்டால் ரத்த ஓட்டத்தை. இதை மாற்றிச் செய்து பயனில்லை.

கே: ஊட்டியில் எக்மோ பொருத்தி கோவைக்கு இறக்கும்போது உயரமும் குளிரும் பாதிக்குமா?
– ஆம்புலன்ஸ் டெக்னீஷியன், ஊட்டி

ப: உயரம் கொஞ்சம், குளிர் அதைவிட அதிகம். ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் 760-க்குப் பதில் சுமார் 585 மி.மீ. பாதரசம். நீராவியின் 47-ஐக் கழித்தால் தூய ஆக்சிஜனுக்குக் கடல்மட்டத்தில் 713, ஊட்டியில் 538. ஆனால் 12 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் 100 மி.லி. ரத்தத்தில் அது சுமக்கும் ஆக்சிஜன் 16 மி.லி.; நீங்கள் இழப்பது கரைந்த ஆக்சிஜனில் அரை மி.லி.தான். பெட்டியிலிருந்து வரும் ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்த அளவை வழக்கமான கணக்கோடு ஒப்பிட்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பொருத்தியதும் எடுத்த அளவே உங்கள் அளவுகோல். மேட்டுப்பாளையம் இறங்கியதும் மறுபடி ஒரு ரத்த மாதிரி எடுத்துப் பாருங்கள்.

குளிரின் தொல்லை நீர். 37 டிகிரி ரத்தத்தின் நீராவி இழைக்குள் கசிந்து, வாயு வெளியேறும் குளிர்ந்த வாயில் துளியாகி அடைக்கும். சில நொடிகள் வாயுவை நிமிடத்துக்கு 10 லிட்டராக ஊதிவிட்டு உடனே பழைய அளவுக்குத் திருப்புங்கள். மறந்தால் கரியமில வாயு அளவுமீறி இறங்கும். வெளிவாயில் துணி வைத்து மூடவே கூடாது. வாயு அழுத்தம் ரத்த அழுத்தத்தைத் தாண்டினால் குமிழ் ரத்தத்தில் புகுந்துவிடும். அதே காரணத்துக்காகப் பெட்டி நோயாளியின் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

வெளிவாயில் தெளிந்த நீர் சொட்டினால் கவலையில்லை. மஞ்சள் நுரை வந்தால் பிளாஸ்மா கசிகிறது, பெட்டியை மாற்ற வேண்டும். ஊதியும் சரியாகாமல், பெட்டிக்கு முன்னும் பின்னுமான அழுத்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால் உள்ளே உறைகட்டி.

சிலிண்டர் கணக்கு: 1,500 லிட்டர் பி-டைப், நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம். வென்டிலேட்டர் குடிப்பது தனி. மலைப்பாதை நெரிசலை நினைத்து இரண்டு மடங்கு ஏற்றுங்கள்.