தழும்பைத் துணியில் தைப்பது தப்பா?

கேள்வி: எனக்கு 48 வயது, பெரம்பூரில் இருக்கிறேன். இடது மார்பகத்தில் புற்றுநோய். ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வாரம் ஒரு முறை பக்லிடாக்சல் கீமோ. கல்யாணத்துக்கு முன்பு செய்த எம்பிராய்டரியை மறுபடி எடுத்திருக்கிறேன். பூ, மயில் எல்லாம் இல்லை. என் தழும்பைத்தான் சிவப்பு நூலில் தைக்கிறேன். மாமியார் அச்சானியம் என்கிறார். வீட்டுக்காரர் ஊசி குத்தினால் ஆபத்து என்கிறார். விரல் நுனி வேறு மரத்துப்போகிறது, முடிச்சுத் தையல் வரவே மாட்டேன் என்கிறது. நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முடிச்சுத் தையல் வரவில்லை என்று, எனக்கு அதுதான் முதல் விஷயம். பக்லிடாக்சல் நரம்புகளைப் பாதிக்கக்கூடிய மருந்து. விரல் நுனியிலும் பாதத்திலும் மரத்துப்போவதில் தொடங்கும். ரவிக்கை ஹூக் மாட்ட முடிகிறதா என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். ஊசியில் நூல் கோக்கிறவருக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அடுத்த டோஸ் ஏறுவதற்குள் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சையையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். அளவைக் குறைப்பது, தள்ளிப்போடுவது, மருந்தை மாற்றுவது என்று வழிகள் உண்டு. மறைத்தால் மரப்பு நெடுநாள் தங்கிவிடலாம். நீங்களாக நரம்பு மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் சரியாக வடியாது. சின்னக் காயத்தில் கிருமி புகுந்தாலும் கை வீங்கிக்கொள்ளலாம். வலது கையால் தைப்பவர்களுக்குக் குத்து விழுவது பெரும்பாலும் ஃப்ரேமுக்கு அடியில் இருக்கும் இடது விரலில். உங்களுக்கு அதுதான் காப்பாற்ற வேண்டிய கை. அந்த விரலில் அங்குஸ்தான் போடுங்கள். ஃப்ரேமை மேசை ஸ்டாண்டில் மாட்டினால் இன்னும் நல்லது. கிராஸ் ஸ்டிட்ச் ஊசி மழுங்கல் முனை, பெரிய காது. மரத்த விரலுக்கு வசதி. துணிதான் கொஞ்சம் இழை விலகியதாக வேண்டும். கொக்கி முனை உள்ள ஆரி ஊசி இப்போதைக்கு வேண்டாம். மரத்த விரலில் குத்தினது தெரியாது என்பதால், எழுந்திருக்கும்முன் விரல்களை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், அதனால் நூல் வாங்கப் பாரிமுனைக் கூட்டத்துக்கு வேறு யாராவது போகட்டும்.

சரி, அச்சானியம். 1890களில் ஜெர்மனியில் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்த ஆக்னஸ் ரிக்டர் என்ற தையல்காரப் பெண், காப்பகத் துணியிலேயே ஒரு மேல்சட்டை தைத்து, அதன் மேல் தன்னைப் பற்றி வரிவரியாகத் தைத்து எழுதினார். சில இடங்களைப் படிக்கவே முடியாது, ஆனால் சட்டை அந்நாட்டு ஹைடல்பெர்க் நகரத்தில் இன்றும் இருக்கிறது. நோயைத் துணியில் வைத்தவர் நீங்கள் முதல் ஆள் இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் மாதக்கணக்கில் கண்ணாடி பார்க்காமல் ரவிக்கை மாற்றும் பெண்களை எனக்குத் தெரியும். நீங்கள் அந்தத் தழும்பை இழை இழையாகப் பார்க்கிறீர்கள். கட்டியை இது கரைக்காது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமியாரின் கோபமும் பயம்தான் என்று தோன்றுகிறது. ஹாலில் மாட்ட வேண்டாம், அவ்வளவுதான். தைக்கத் தைக்க அழுகையும் தூக்கமின்மையும் கூடிக்கொண்டே போனால் மட்டும் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கை சிவந்து சூடானால், அல்லது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.