சோவியத் கால ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (இரண்டு ஜன்னல் வழியாக வரும் காட்சிகளை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் பார்ப்பது) வாங்கிப் பயன்படுத்த ஆசை. புதிதாக ஆரம்பிப்பவர் எதை வாங்கலாம்? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஃபெட்-2 வாங்குங்கள். பளபளவென்று இருப்பதை விட்டுவிட்டு, ஓரமெல்லாம் தேய்ந்துபோனதாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் மருத்துவம் படித்தது உக்ரைனின் கார்கிவ் நகரில். ஃபெட்டின் சொந்த ஊரே அதுதான். தெருவில் திரிந்த அநாதைப் பிள்ளைகளுக்காக 1927இல் அங்கே ஒரு கம்யூன், அதாவது சேர்ந்து வாழ்ந்து வேலை பழகும் விடுதி, தொடங்கினார்கள்; பொறுப்பாளர் அன்டன் மக்காரென்கோ என்ற ஆசிரியர். கேமராவுக்கு முன் அந்தப் பிள்ளைகள் செய்தது டிரில்லிங் மெஷின். பிறகு ஜெர்மனியின் லைக்கா 2ஐ அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்து, அதேபோல் ஒன்றைச் செய்து, 1934இலிருந்து ஆயிரக்கணக்கில் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ட்ஸெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். சோவியத் ரகசியப் போலீஸை உருவாக்கியவர் அவர். குடும்பப் படம் எடுக்கிற கேமராவுக்கு வைக்கிற பெயரா இது!

இரண்டாம் வருடக் குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒரு தாத்தா தார்ப்பாயில் மூன்று ஃபெட்-2 பரப்பியிருந்தார். நான் புதுசு மாதிரி மின்னியதை எடுத்தேன். அவர் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கறுப்புத் தோல் உரிந்திருந்த ஒன்றைக் கையில் கொடுத்தார். "சினோக், அது முப்பது வருஷமா பீரோவிலேயே கிடந்தது. இது வேலை பார்த்தது" என்றார். சினோக் என்றால் மகனே. பின்மூடியைக் கழற்றி, வேகத்தை 500இல் வைத்து, வானத்தைப் பார்த்துப் பிடித்து அழுத்தச் சொன்னார். ஃபிலிம் படியும் சட்டம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் மின்னி மறைந்தது. அதே சோதனையை அந்த மின்னும் கேமராவில் செய்தபோது ஒரு பக்கம் கறுப்பாகவே நின்றது. ஓடாமல் கிடந்தால் உள்ளே போட்ட எண்ணெய் பிசினாகிவிடும். ஷட்டர் திரை பாதியில் சோம்பல் முறிக்கும். வாங்கும்போது இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். இணையத்தில் வாங்கினால், விற்பவரை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது திரையில் ஊசித்துளை. வேறு சில கேமராக்களில் உள்ளதுபோல் திரைக்கு முன்னால் கண்ணாடி நின்று மறைக்கிற ஏற்பாடு இதில் கிடையாது. லென்ஸுக்குப் பின்னால் நேராக ரப்பர் பூசிய துணித்திரைதான். மூடி போடாமல் வெயிலைப் பார்க்க வைத்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிப்போமே, அதேதான் நடக்கும். பிரிண்டில் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள் விழும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, முன்னால் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பார்த்தால் துளை இருப்பது தெரிந்துவிடும்.

இனி, எனக்குக் காசு செலவழித்து வந்த பாடம். ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றும்போது வேகம் குறித்த வட்டும் சேர்ந்து சுழலும், அதனால் ஏற்றுவதற்கு முன் அது காட்டுகிற எண்ணை நம்பவே முடியாது. ஃபெட்டில் இப்படி என்றால், ஒரு நொடி வரைக்கும் மெதுவான வேகங்கள் கொண்ட இன்னொரு சோவியத் கேமராவான ஸோர்க்கி-4இல் உள்ளே பல்சக்கரமே மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டது. கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர் இரண்டு வாரம் வைத்திருந்து சரிசெய்து கொடுத்தார். கேமரா வாங்கிய விலையைவிடக் கூலி அதிகம்.

ஸோர்க்கி மாஸ்கோ பக்கம் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையின் தயாரிப்பு, 1948இல் தொடங்கியது. ஸோர்க்கி-4 பத்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், அதனால் சுலபமாகக் கிடைக்கும். நல்ல கேமராதான். ஆனால் ஃபோகஸ் பார்க்கும் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே அதில் 38 மி.மீ., ஃபெட்-2இல் 67. இடைவெளி கூடினால் ஃபோகஸ் துல்லியம் கூடும். ஃபெட்-1, ஸோர்க்கி-1 இரண்டும் பார்க்க அழகு, ஆனால் ஃபிலிமை அடிவழியாக நுழைக்க வேண்டும், அதற்காக அதன் நாக்கை, அதாவது முன்முனையை, கத்தரிக்கோலால் நீளமாக வெட்டியாக வேண்டும். ஆரம்பத்திலேயே அந்தத் தொல்லை எதற்கு? ஃபெட்-2இல் பின்மூடி மொத்தமாகக் கழன்று வந்துவிடும்.

கீவ் என்ற கேமரா தனிக்கதை. போருக்குப் பிறகு, ஜெர்மனியின் கான்டாக்ஸ் கேமரா செய்த இயந்திரங்களை நஷ்டஈடாகக் கொண்டுவந்து, கீவ் நகர அர்சனால் ஆலையில் செய்தது. இரும்பு மாதிரி கனம். முதல் கேமராவாக வேண்டாம். ஷட்டர் கெட்டால் பிரிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். ஃபெட், ஸோர்க்கி லென்ஸும் அதில் ஏறாது.

லென்ஸுக்கு ஜூப்பிடர்-8 போதும். எஃப் 2இல், அதாவது லென்ஸ் துவாரத்தை முழுசாகத் திறந்து, முகம் எடுத்துப் பாருங்கள், பின்னணி மெழுகாய் உருகியிருக்கும். இண்டஸ்டார்-61 அதைவிடக் கூர்மை, எனக்கு அவ்வளவு பிடிக்காது. நம் ஊர் ஈரத்தில் இரண்டுக்குமே பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

தங்க முலாம், கழுகு முத்திரை, நாஜிக் காலப் பொறிப்பு என்று "லைக்கா" மலிவாகக் கிடைத்தால், பெரும்பாலும் அது வேஷம் போட்ட ஃபெட்டோ ஸோர்க்கியோதான். லென்ஸைக் கழற்றி உள்ளே ஃபோகஸ் கையை, அதாவது லென்ஸின் நகர்வை ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கடத்தும் நெம்பை, பாருங்கள். லைக்காவில் அதன் முனையில் சின்ன உருளை இருக்கும். இவற்றில் ஆப்பு மாதிரி சப்பையாக இருக்கும்.

இன்னொன்று: வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூடி போட்டிருந்தாலும் காட்சி பளிச்சென்றுதான் தெரியும். தங்கை வளைகாப்பில் பதினாலு படம் அப்படி எடுத்தேன். இன்றைக்கும் வீட்டுக்குப் போனால், "அண்ணா, மூடியைக் கழட்டிட்டியா?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.