மும்பையில் இறங்கியதும் தெரியும் மாநகரக் களை பெங்களூரில் ஏன் தெரிவதில்லை?

ரெண்டு ஊரிலும் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முக்கியக் காரணம் நிலம்.

மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவு. இடையிலிருந்த கடலையும் சேற்றையும் தூர்த்து ஒட்டவைத்தார்கள். ஒட்டிய பிறகும் நாக்கு மாதிரி ஒல்லியான துண்டுதான். மரைன் டிரைவின் தென்கோடியில் கடலைப் பார்த்துவிட்டு நடந்தால், அரை மணியில் கேட்வே ஆஃப் இந்தியாவில் மறுபக்கத் தண்ணீர் வந்துவிடும். வளர வடக்கு மட்டும்தான் பாக்கி. அங்கேயும் நடுவில் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, காடாகவே உட்கார்ந்திருக்கிறது.

1853இல் போரி பந்தர்–தானே ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பிறகு ஊரே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. வீடு எங்கே என்று கேட்டால் ஸ்டேஷன் பெயரைச் சொல்வார்கள்; அடுத்த கேள்வி, "ஈஸ்டா, வெஸ்டா?" முகவரி முடிந்தது. எனக்கு முலுண்ட். லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒரு தொடையை மட்டும் வைத்து உட்கார இடம் கிடைத்தாலே அன்றைக்கு யோகம். கேட்கக்கூட வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும், மூவரும் தானாக நகர்வார்கள்.

பெங்களூருக்குக் கடல் இல்லை, பெரிய ஆறு இல்லை. சுமார் 900 மீட்டர் உயர மேட்டுநிலம். ஓசூர் ரோடு, மைசூர் ரோடு, தும்கூர் ரோடு என்று எல்லாப் பக்கமும் காலை நீட்டிக்கொண்டது. குறுக்கே இருந்தவை ஏரிகள்தான். அவற்றிலும் பலதைத் தூர்த்தாயிற்று. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டே தர்மாம்புதி ஏரி இருந்த இடம். வீடு ஒரு மூலை, ஆபீஸ் ஒயிட்ஃபீல்ட், அவரவர் பைக், அவரவர் கார். கூட்டம் இருக்கிறது, ஆனால் ஜனமாகக் கண்ணில் படாமல் டிராஃபிக்காகவே படுகிறது.

பழி முழுவதையும் கடல் மேல் போடவும் முடியாது. மும்பைத் தீவுப் பகுதியில் எல்லா மாடியையும் சேர்த்து மனைப் பரப்பைப் போல 1.33 மடங்குதான் கட்டலாம் என்று பல வருடம் எஃப்எஸ்ஐ விதி இருந்தது. பக்கவாட்டில் இடமில்லாத ஊரில் மேலேயும் போகாதே என்றால், ஒரே அறைக்குள் எட்டுப் பேர் படுக்கத்தானே செய்வார்கள்?

சந்தேகமிருந்தால் கிழக்கே இருக்கிற கிரீக்கை, அதாவது கடற்கழியைத் தாண்டி நவி மும்பை போய்ப் பாருங்கள். அகல ரோடு, செக்டார் நம்பர், மூச்சுவிட இடம். என் பழைய ரூம்மேட் வாஷியில் வீடு வாங்கிப் பல வருடமாகிறது. தாதர் பக்கம் கிளம்பினால் இன்னமும் "மும்பை வரைக்கும் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறான்.