தலைக்காவேரி டு பூம்புகார்: காவிரி கூடவே ஆறு நாள்

"ஆத்தோரமாவே கார் ஓட்டிட்டுப் போய் அங்கங்க டென்ட் போட்டுத் தங்குற மாதிரி தென்னிந்தியாவுல ஒரு நல்ல ரூட் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. காவிரிதாங்க, யோசிக்கவே வேணாம். குடகு மலையில பொறந்து பூம்புகார்ல கடல்ல சேர்ற வரைக்கும் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர், நானும் என் மச்சானும் அவன் ஃப்ரெண்டு ஒருத்தரும் செப்டம்பர் கடைசியில ஆறு நாள்ல போயிட்டு வந்தோம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், முழுக்க ஆத்த ஒட்டியே ரோடு கிடையாது. காடு, அணை, பள்ளத்தாக்குன்னு நடுவுல ஆறு நம்மள விட்டுட்டுப் போயிடும், நாமதான் சுத்திப் போய் மறுபடி பிடிக்கணும். எனக்கு அந்தத் தேடிப் பிடிக்கிறதுதான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

பாகமண்டலாவுல இருந்து 8 கிலோமீட்டர் மேல ஏறினா தலைக்காவேரி, 1,276 மீட்டர் உயரம். ஒரு சின்னத் தொட்டி மாதிரி இருக்கும், அவ்வளவுதான் காவிரி. மேட்டூர் டேம் தண்ணியக் குடிச்சு வளர்ந்த எனக்கு அதப் பார்த்ததும் பேச்சே வரல. அக்டோபர் நடுவுல துலா சங்கிரமணம்னு ஐப்பசி பொறக்குற நாளுக்குப் பயங்கர கூட்டம் வரும், அமைதியா பார்க்கணும்னா அந்த நாள்ல போகாதீங்க. அன்னைக்கு ராத்திரி சித்தாபுரா பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஹோம்ஸ்டேல பேசி அவங்க இடத்துலயே டென்ட் போட்டுக்கிட்டோம். மழை அப்பவும் விடல, அட்டை நிறைய இருக்கும், உப்புப் பொட்டலம் ஒண்ணு கையில வச்சுக்கோங்க.

அடுத்து குஷால்நகர், கிருஷ்ணராஜ சாகர், ஸ்ரீரங்கப்பட்டணம். ஹேமாவதியும் லட்சுமண தீர்த்தமும் கேஆர்எஸ் அணையில வந்து கலந்துடும், அதுக்கப்புறம்தான் அது பெரிய ஆறு. ராத்திரி மைசூர்ல லாட்ஜ். மறுநாள் சிவனசமுத்திரத்துல ஆறு ரெண்டாப் பிரிஞ்சு ககனசுக்கி, பரசுக்கின்னு ரெண்டு அருவியா விழும். 1902லயே இங்க கரண்ட் எடுத்து கோலார் தங்க வயலுக்கு அனுப்பியிருக்காங்க. செப்டம்பர்ல பரசுக்கில தண்ணி அகலமா, மலையே வழிஞ்சு இறங்குற மாதிரி இருந்துச்சு.

மூணாவது நாள் ராத்திரி கலிபோர். இது காவேரி வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள இருக்கு, இங்க சொந்த டென்ட் எல்லாம் போட முடியாது, கர்நாடக அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் கேம்ப்லதான் தங்கணும், முன்னாடியே புக் பண்ணிடுங்க. ஆத்தங்கரையில பெரிய பெரிய நீர்மருது மரம், வேர் எல்லாம் தண்ணிக்குள்ள விரல் விரிச்ச மாதிரி இறங்கியிருக்கும். காலையில ஆறு மணிக்கு நாலஞ்சு நீர்நாய் எதிர்க்கரைப் பாறைல ஏறி உடம்ப உதறிட்டு மறுபடி முங்கிச்சுங்க, காபி ஆறிப் போற வரைக்கும் பார்த்துட்டே நின்னோம். மஹசீர் மீனுக்குப் பேர் போன இடம் இது. காவிரில மட்டுமே இருக்குற அந்தத் திமில் வச்ச மஹசீர் 2018ல இருந்து அழிவோட விளிம்புல இருக்குற இனங்க பட்டியல்ல இருக்கு, அதனால தூண்டில் கொண்டு போற எண்ணம் இருந்தா வீட்டுலயே வச்சுட்டு வாங்க. முதலையும் உண்டு, குளிக்க இறங்காதீங்க.

அங்கிருந்து கனகபுரா வந்து, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா ஒகேனக்கல். அஞ்செட்டி ரோடு யானைக் காடு, வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி நியூஸ்ல, காவிரி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற எல்லையில தண்ணி அளக்குற இடமான பிலிகுண்டுலுல நீர்வரத்து எத்தனை கன அடின்னு தினமும் பாருங்க, அது ஏறிட்டா ஒகேனக்கல்ல பரிசல நிறுத்திடுவாங்க. நாங்க போனப்போ ஓடிச்சு, பாறை இடுக்குல பரிசல்ல உக்காந்து மேல இருந்து விழுற சாரல்ல நனையுறது வேற எங்கயும் கிடைக்காது. அன்னைக்கு மேட்டூர்ல தங்கல்.

என்னக் கேட்டா மொத்தப் பயணத்துலயும் பெஸ்ட் ரோடு மேட்டூர் டு பவானிதான். யாரும் இத டூரிஸ்ட் ரோடுன்னு சொல்றதில்ல. வரிசையா கதவணை கட்டி மின்சாரம் எடுக்குறதால தண்ணி ஏரி மாதிரி நிறைஞ்சு நிக்கும், பக்கத்துலயே நம்ம கார் போகும். நெரிஞ்சிப்பேட்டைல நிறுத்துங்க. எதிர்க்கரை பூலாம்பட்டி, சேலம் மாவட்டம், இந்தக்கரை ஈரோடு மாவட்டம், நடுவுல மோட்டார் படகு ஓடுது, ஜனங்க பைக்கையே படகுல ஏத்திட்டுப் போறாங்க. சாயங்காலம் நாங்களும் ஏறிப் போய் அந்தப் பக்கம் ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்தோம். ஸ்கூல் விட்ட பொண்ணுங்க பையோட உக்காந்து ஹோம்வொர்க் பத்திப் பேசிட்டு வந்துச்சுங்க, அதுங்களுக்கு அது வெறும் பஸ் மாதிரி.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. அஞ்சாவது ராத்திரி கொடுமுடி தாண்டி கரூர் பக்கம் ஆத்து மணல்ல டென்ட் போட்டோம். மணல் அவ்வளவு சுத்தம், தண்ணி அம்பதடி தள்ளி ஓடிட்டு இருந்துச்சு, நிலா வெளிச்சம் வேற. மணல்ல முளைக்குச்சி நிக்காதுன்னு பையில மணல் ரொப்பி, கயிறு கட்டிப் புதைச்சு வச்சுட்டு, மூணு கல்லு கூட்டி சோறாக்கிட்டு இருந்தோம். ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு பெரியவர் நின்னு பார்த்துட்டு "கண்ணு, இங்க படுக்காதீங்க, மேட்டூர்ல தண்ணி சேத்தி உட்டுருக்காங்களாம், மேட்டுக்கு ஏறிக்கங்க"ன்னார். எங்களுக்கு நம்பிக்கை வரல, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. ஆனா அவர் நாங்க எல்லாத்தையும் தூக்குற வரைக்கும் நகரவே இல்ல. கரை மேல ஒரு வேப்பமரத்தடியில போட்டுப் படுத்தோம். காலையில எந்திரிச்சுப் பார்த்தா நாங்க படுத்திருந்த இடமே இல்ல. அடுப்புக் கல்லு எங்க இருந்துச்சுன்னு கூடத் தெரியல, அந்த இடத்துக்கு மேல பழுப்புத் தண்ணி சத்தமே இல்லாம போயிட்டு இருந்துச்சு.

காவிரில தண்ணி ஏற மேல மழை பெய்யணும்னு இல்ல, எங்கயோ ஒரு ஷட்டர் தூக்கினா போதும். அதனால தயவுசெஞ்சு மணல்ல தூங்காதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. உக்காருங்க, சாப்பிடுங்க, படுக்க மட்டும் கரை மேல, ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு. அந்தப் பெரியவரத் தேடி நன்றி சொல்லப் போனோம், ஆட்டுப் புழுக்கைதான் கிடந்துச்சு.

மீதி வேகமா போயிடும். கரூர் திருச்சி ரோட்டுல இடது பக்கம் வாழைத் தோப்பும் வாய்க்காலும், குளித்தலைல முசிறி பாலத்துல ஏறி நின்னா ஆறு எவ்வளவு அகலம்னு புரியும். முக்கொம்புல 1836ல ஆர்தர் காட்டன் கட்டின மேலணைகிட்ட கொள்ளிடம் பிரியுது, அப்புறம் கல்லணை, திருவையாறு, கும்பகோணம். போகப் போக ஆறு சின்னதாயிட்டே வரும். வெள்ளத்த கொள்ளிடம் வாங்கிக்குது, மிச்சத்த வெண்ணாறும் புதுஆறும் வாய்க்காலும் பிரிச்சு எடுத்துட்டுப் போய் வயல்ல இறக்கிடுது. பூம்புகார் சேர்றப்போ காவிரி நம்ம ஊர் வாய்க்கால் அகலம்தான். எனக்கு முதல்ல மனசு கஷ்டமாதான் இருந்துச்சு, ஆனா வழி பூரா அந்தப் பச்சை வயல பார்த்துட்டு வந்திருந்தேன்ல.

டென்ட்ட மடிச்சு உள்ள வைக்குறதுக்கு முன்னாடி கடற்கரையில விரிச்சு உதறினோம், கரூர் மணல் ஒரு கைப்பிடி கொட்டுச்சு.