மெயில் வழி அரட்டைச் செயலிக்கு ஏன் இத்தனை அப்டேட்?

கேள்வி: மின்னஞ்சல் வழியாக இயங்கும் அரட்டைச் செயலியைப் பயன்படுத்துகிறேன். அடிக்கடி அப்டேட் வருகிறது, திரையில் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. போடாமல் விட்டால் என்ன?

பதில்: விடாதீர்கள், போட்டுவிடுங்கள். இந்த வகைச் செயலி ஐமேப் (மெயிலைப் பெறுவதற்கான விதிமுறை), எஸ்எம்டிபி (மெயிலை அனுப்புவதற்கான விதிமுறை) வழியாக மெயில் சர்வர்களோடு பேசுகிறது. ஒவ்வொரு சர்வரும் அந்த விதிகளைக் கொஞ்சம் தன் போக்கில் நடத்துவதால், ஓரிடத்தில் ஒழுங்காக ஓடும் கோட் இன்னோரிடத்தில் தடுக்கி விழும். மெயில் போய்ச் சேர்ந்தும், சர்வரின் பதில் வருவதற்குள் நெட் அறுந்தால் செயலி மறுபடி அனுப்பும். பெறுபவரின் செயலி மெசேஜ்-ஐடியை (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளம்) ஒப்பிட்டு இரண்டாவதை ஒதுக்காவிட்டால் ஒரே செய்தி இரண்டு முறை தெரியும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான் பெரும்பாலும் அப்டேட்டில் வருகிறது.

இந்த வகைச் செயலிகளில் ஒன்றான டெல்டா சாட்டில் ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய ஒரே மையப்பகுதிதான் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், கணினி எல்லாவற்றுக்கும். அங்கே ஒரு பிழையைத் திருத்தினால் எல்லோருக்கும் பலன், புதுப் பிழை நுழைந்தாலும் அப்படியே. அதனால் அப்டேட்டுக்கு முன் பேக்அப் எடுத்துவிடுங்கள். செய்திகளைப் பூட்டித் திறக்கும் மறையாக்கச் சாவி உங்கள் போனில்தான் இருக்கிறது, அது தொலைந்தால் சர்வரில் கிடக்கும் பழைய செய்திகளைத் திறக்க முடியாது.