கிட்னி கொடுத்தவரிடம் கேட்க வேண்டியதும் மருத்துவரிடம் கேட்க வேண்டியதும்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஒன்றரை ஆண்டாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். எனக்கு 41 வயது. இரத்தப் பிரிவு பொருந்துவதால் நானே ஒரு சிறுநீரகம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் கொடுத்தவர்களும் கூடிப் பேசும் சந்திப்பு ஒன்றுக்கு இரண்டு முறை போய்வந்தோம். ஒருவர் ‘இனிமேல் குடம் தூக்கவே முடியாது’ என்கிறார்; இன்னொருவர் ‘பத்தே நாளில் வயலில் இறங்கிவிட்டேன்’ என்கிறார். கொடுத்த பிறகு தனக்கு இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிவிட்டதாக ஒரு பெண் அழுதார். எங்கள் மருத்துவரோ அங்கெல்லாம் போகாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: உங்கள் மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் நான் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அங்கே எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதில் தெளிவு இருந்தால் போதும்.

முதலில் மருத்துவரின் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்த ஒருவர், ஒரு நாள் கிரியாட்டினின் 1.3-இலிருந்து 2.4 ஆக உயர்ந்த நிலையில் என்னிடம் வந்தார். விசாரித்தபோது, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை, தாம் சாப்பிடும் அளவில் பாதிதான் பக்கத்து ஊர் நண்பர் சாப்பிடுகிறார், அவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று தாமும் பாதியாகக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். அந்த நண்பருக்கு இரத்த அழுத்தத்துக்காக டில்டியாசெம் என்ற மாத்திரையும் கொடுக்கப்பட்டிருந்தது. அது டாக்ரோலிமஸ் உடைந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதால், அவருக்குக் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. அந்த மாத்திரை இல்லாமலேயேகூட, டாக்ரோலிமஸை உடைக்கும் நொதி குடல் சுவரிலும் கல்லீரலிலும் எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்பது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆகவே மாத்திரையின் அளவையும் இரத்தப் பரிசோதனை எண்களையும் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடவே கூடாது. வலி மாத்திரை, நாட்டு மருந்து, வேறொரு மருத்துவர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக் ஆகியவையும் அப்படித்தான். உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் எதையும் சேர்க்கவோ நிறுத்தவோ வேண்டாம். பம்பளிமாஸ் பழம்கூட டாக்ரோலிமஸின் அளவை உயர்த்திவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இனி அந்தப் பெண்ணின் அழுகைக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் அது பெரும்பாலும் ஆபத்தின் அடையாளம் அன்று. இரண்டு சிறுநீரகங்கள் செய்த வேலையை ஒன்று ஏற்கும்போது, வடிகட்டும் திறன் முதலில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பிறகு மீதமுள்ள சிறுநீரகம் சற்றுப் பருத்து, சில மாதங்களில் பழைய திறனில் 65 முதல் 70 சதவீதம் வரை ஈடுகட்டிவிடுகிறது. எனவே முன்பு 0.7 இருந்த கிரியாட்டினின் 1.0 அல்லது 1.1 என்று நின்றுவிடுவது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் ஆய்வகச் சீட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகி வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? அவருக்கு யாரும் இதை முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். எண் அதே இடத்தில் நிற்காமல் தொடர்ந்து ஏறினாலோ, சிறுநீரில் புரதம் போனாலோ, இரத்த அழுத்தம் கூடினாலோ அப்போது கவனிக்க வேண்டும். அதற்காகத்தான் கொடுத்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனைக்கு வர வேண்டும் என்கிறோம்.

குடம் தூக்கலாமா என்பதற்கு என் பதில் இது: அறுவைக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது, ஏனெனில் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வரக்கூடும். அதன் பிறகு வழக்கமான வேலைகளைப் படிப்படியாகத் தொடங்கலாம். பத்தே நாளில் வயலில் இறங்கியவர் அதிர்ஷ்டசாலி. அவரைப் பின்பற்ற வேண்டாம்.

ஆபத்தின் அளவையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் 80,000-க்கும் மேற்பட்ட கொடையாளர்களைக் கணக்கில் எடுத்த ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய 90 நாட்களில் இறந்தவர்கள் 10,000 பேருக்கு ஏறத்தாழ மூவர். வாழ்நாளில் தமக்கே சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு, கொடுத்தவர்களில் 10,000 பேருக்கு சுமார் 90 என்றும், அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் சுமார் 14 என்றும் 2014-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு மதிப்பிட்டது. சிறிய ஆபத்துதான், ஆனால் இல்லவே இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. நாங்கள் சொல்ல மறந்துவிடுகிற, கொடுத்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்கள் வேறு. சிறு துளைகள் வழியே கருவியைச் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையின்போது வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் வாயுவினால், சிலருக்கு அறுத்த இடத்தைவிடத் தோள்பட்டை அதிகமாக வலிக்கும் என்பதை நானே என் நோயாளி ஒருவர் சொல்லித்தான் முழுமையாக உணர்ந்தேன். உடலில் தேங்கியிருந்த கழிவு வெளியேறத் தொடங்கியதும், கிட்னி பெற்றவர் சில நாட்களிலேயே முகம் தெளிந்து நடமாடுவார். நேற்றுவரை நன்றாக இருந்த கொடுத்தவரோ படுக்கையில் இருப்பார். பழத்தோடு வருகிற உறவினர்கள் எல்லோரும் பெற்றவரின் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அந்த ஒரு வாரம் மனம் எப்படி இருந்தது, வீட்டில் சமைத்தது யார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது யார், காப்பீட்டுத் திட்டத்தில் அடங்காத செலவுகள் எவை என்று கேளுங்கள். உங்கள் கணவர், பெற்றவர்களிடம் கேட்கட்டும்: கை நடுக்கம், ஸ்டீராய்டு தரும் பசி, ஊதிய முகம் ஆகியவற்றை எப்படிச் சமாளித்தார்கள் என்று. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைச் சாப்பிடாமல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அனுபவசாலிகள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, ஊசி எடுத்த மறுநிமிடம் விழுங்குவார்கள்.

அந்தச் சந்திப்பிலோ வார்டு வாசலிலோ ‘பணம் கொடுத்தால் வேறு ஆள் பார்த்துத் தருகிறேன்’ என்று யாராவது அணுகினால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ‘தருவதாகச் சொல்லியிருக்கிறேன்’ என்ற சொற்கள். நீங்களாகச் சொன்னீர்களா, சொல்ல வேண்டிய நிலை வந்ததா என்று எனக்குத் தெரியாது. நம் நாட்டில் உயிருடன் இருக்கும்போதே கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இதைக் கேட்கிறேன். அறுவை அரங்குக்குள் போகும் வரை நீங்கள் மனம் மாறலாம். அப்படி மாறினால், காரணம் எதையும் வெளியில் சொல்லாமல் ‘மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை’ என்று மட்டும் குடும்பத்தாரிடம் தெரிவிப்பது என் வழக்கம். உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர், கணவருக்குச் சிகிச்சை அளிப்பவராக இல்லாமல் வேறொருவராக இருப்பது நல்லது. அதை நீங்களே கேட்டுப் பெறலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம், கொடுத்து ஓராண்டாவது கடந்த, உங்கள் வயதை ஒத்த ஒரு பெண்ணிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பேச்சுக்கு உங்கள் கணவரோ மாமியாரோ உடன் வர வேண்டாம். தனியாகப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.