கட்டணம் கட்டுவதற்கு முன் களஞ்சியத்தைப் பாருங்கள்

கேள்வி: ஆய்வுக் கட்டுரையை எல்லாரும் இலவசமாக வாசிக்க வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் திறந்த அணுக்க இதழில் போடலாம்தானே? பல்கலைக்கழகங்கள் ஆய்வுகளைச் சேர்த்து வைக்கக் களஞ்சியம் என்று தனியாக ஓர் இணையத்தளத்தை நடத்துவது எதற்கு?
— வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: கட்டணத்தை யார் கட்டுவது? பல வெளிநாட்டு இதழ்கள் கட்டுரைக்கு ஆயிரம், இரண்டாயிரம் டொலர் கேட்கின்றன. ஆயிரம் டொலர் என்றாலே நம் காசில் கிட்டத்தட்ட மூன்று இலட்சம்.

ஆய்வுகளை எல்லாரும் இலவசமாக வாசிக்க வேண்டும் என்று 2002இல் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் இந்தத் திறந்த அணுக்கத்துக்கு இரண்டு வழி சொன்னது. ஒன்று திறந்த இதழ், மற்றது ஆய்வாளரே தன் கட்டுரையைக் களஞ்சியத்தில் இடுவது. இரண்டாவதற்கு ஒரு சதமும் செலவில்லை. இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு, திருத்தங்கள் எல்லாம் செய்து கடைசியாக அனுப்பினீர்களே ஒரு வேர்ட் கோப்பு, அதை உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன, ஆனால் பல பதிப்பகங்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ அதற்கு மேலோ பொறுக்கச் சொல்லும். எந்த இதழ் என்ன சொல்கிறது என்று ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ) இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கோப்பைத்தான் பலர் அழித்துவிடுகிறார்கள்!

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் களஞ்சியம் இருக்கிறது. இதற்கான டிஸ்பேஸ் மென்பொருளும் இலவசம்தான், ஆக இங்கே குறை கணினியில் இல்லை. வாவி இறாலைப் பற்றியும் அம்பாறை நெல்லைப் பற்றியும் எழுதிய ஆய்வேடுகள் தங்க எழுத்து அட்டையோடு நூலக அலுமாரியில் இருக்கின்றன, அங்கேயே இருந்து வாசித்துவிட்டு வர வேண்டும், அக்கரைப்பற்றில் இருக்கிற விவசாயப் போதனாசிரியருக்கு அது எப்படிக் கிடைக்கும்? களஞ்சியத்தில் ஏற்றியவற்றிலும் ஒரு சிக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ் ஆய்வேட்டை அப்படியே போட்டால் கூகுளுக்கு அது தமிழே இல்லை, எந்தச் சொல்லைத் தேடினாலும் அகப்படாது. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித்தான் ஏற்ற வேண்டும், குறைந்தது தலைப்பையும் ஆய்வுச் சுருக்கத்தையுமாவது.

நூலகர்கள் கெஞ்சிக் கேட்டு இது நடக்காது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் களஞ்சியத்தில் இட்ட வெளியீடுகளை மட்டுமே பதவியுயர்வுக்குக் கணக்கில் எடுக்கிறார்கள், கட்டுரைகளும் வந்து சேர்கின்றன. நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பதவியுயர்வுப் புள்ளித் திட்டத்திலும் அந்த ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும். சரி, அதுவரைக்கும்? நீங்கள் விரிவுரையாளராக இருந்தால், கடைசிக் கட்டுரையின் கோப்பை இன்றைக்கே தேடி எடுத்து நூலகருக்கு அனுப்பிவிடுங்கள்.